கூட்டாத வீடு

"பிரஷ் இருக்கக் கூடாதுங்க" என்று கோகிலவாணி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, விற்பனைப் பெண் மேகலா தூசி உறிஞ்சும் அந்த வட்டமான மிஷினை ஆமையைப் போல மல்லாத்திப் போட்டு, அதன் வயிற்றில் விரலை வைத்து, "பிரஷ் இல்லாம எப்படிக்கா குப்பை வரும், இது சுத்திச் சுத்தித்தானே மூலையில கெடக்கறதை இழுத்து உள்ளே தள்ளுது, இதுதானேக்கா இதுக்குக் கையே" என்றாள்.

"அந்தக் கைதான் வேண்டாங்கறேன்."

"ரெண்டு பிரஷ் இருக்குதான்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க எல்லாரும். நீங்க ஒருத்தர்தான் இப்படி."

சற்றுத் தள்ளி, வாஷிங் மெஷின் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கோகிலவாணியின் கணவர் அர்த்தநாரி இருமினார். இருமல் அடங்கும்வரை கடையில் இருந்த மற்றவர்கள் விலைச்சீட்டுகளைப் படிப்பதுபோல நின்றார்கள். மேகலா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாருக்கு வீசிங்கா? அப்ப கட்டாயம் பிரஷ் வெச்சதுதான் எடுக்கோணும். பொடித் தூசி மூலையிலதான் அடையும்" என்றாள்.

"எம் பொண்ணு பெங்களூர் பஸ்ஸுல போயிட்டிருக்கறா" என்றாள் கோகிலவாணி.

மேகலா பிரஷ்ஷிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"அந்த ஆறேகால் பஸ்ஸா?"

"அதேதான்."

"இப்ப எங்கக்கா போயிட்டிருக்காங்க?"

"தொப்பூர் தாண்டியாச்சாம்."

"பரவால்லியே. போன ஆடியில ஓமலூர்னுல்ல சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மேகலா மிஷினை நிமிர்த்தி, துடைத்து, மறுபடி தட்டில் வைத்தாள். "அப்பச் சரி. பிரஷ் ஆகாது."

அந்தப் பேருந்து நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நாமக்கல்லிலிருந்து முப்பத்து நான்கு பேருடன் பெங்களூருக்குப் புறப்பட்டது, பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சேரவில்லை; எங்கும் கவிழவில்லை, எதன்மீதும் மோதவில்லை, வழிதவறிப் போகவில்லை, பழுதாகி நிற்கவும் இல்லை, நாள்தோறும் போய்க்கொண்டேதான் இருந்தது, சாலைதான் தீரவில்லை. முதல் வேலையில் சேரப் புறப்பட்டிருந்த தாரணி பதினான்காம் எண் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மாவிடம் பேசினாள். அவளுடைய செல்போனில் சார்ஜ் முதல் நாள் மதியம் நாற்பத்தொரு சதவீதத்துக்கு இறங்கியது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கோகிலவாணி கட்டிக்கொடுத்த புளிச்சோறு பாதி தீர்ந்திருந்தது, மீதிப் பாதியைப் பசித்தபோது தின்றாள், மறுநாள் டப்பாவைத் திறந்தால் அதே பாதி இருந்தது, ஊசிப்போகவும் இல்லை. பின் இருக்கையில் ஒரு கைக்குழந்தை அழுதது. நான்கு வருடமாக அதற்குப் பல் முளைக்கவில்லை.

முதல் மாதத்தில் உறவினர்கள் ஒரு வெள்ளை வேன் பிடித்து ஓசூர் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தார்கள். பேருந்து அவர்கள் கண்ணில் படவில்லை. அன்று நான்கு மணிக்குத் தாரணி, "வெள்ளை வேன்ல எங்களைத் தாண்டிப் போனீங்கம்மா, நான் பார்த்தேன், ஜன்னல்ல கையை நீட்டி ஆட்டுனேன், அப்பா அந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தாரு" என்றாள். அர்த்தநாரி அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் வலது பக்கமும் இடது பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே போகிறவராக ஆனார்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பேருந்துக் கம்பெனி அதே ஆறேகால் மணிக்கு வேறொரு வண்டியை விட்டது, அது பதினொன்றரைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, நேரப் பலகையில் பழைய வண்டியின் எண்ணுக்கு எதிரே 'வழியில்' என்று பெயிண்டில் எழுதி வைத்தார்கள். தாலுகா ஆபீசில் இறந்தவர் என்றும் கொடுக்க முடியாமல், காணாமல்போனவர் என்றும் கொடுக்க முடியாமல், 'வழியில் இருப்பவர்' என்று ஒரு சான்றிதழை உண்டாக்கி, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னார்கள். பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் வேலையில் சேரும் தேதியை மூன்று தடவை தள்ளிவைத்து, நான்காம் தடவை வருத்தம் தெரிவித்தார்கள். ராசிபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஜாதகம் பொருந்தியிருக்கிறது, பெண் போய்ச் சேர்ந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பூ வைத்துவிட்டுப் போனார்கள், அந்தப் பையன் இரண்டு வருடம் காத்திருந்தான், அப்புறம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று, தாரணி பேருந்திலிருந்தே அவனுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னாள். முப்பத்து நான்கு பேரின் குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு முட்டை வியாபாரி செல்வராசு செயலாளர். அவருடைய மனைவி ஒன்பதாம் எண் இருக்கையில் இருந்தாள்.

ஆனால் வீட்டைக் கூட்டுகிற விஷயத்தில் ஊரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போனால், போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அந்த வீட்டைக் கூட்டக் கூடாது. ஆள் வெளியே போன காலோடு கூட்டிவிடுவது பிணம் எடுத்த வீட்டில் மட்டும்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். தாரணி கிளம்பிய அன்று காலையில், புதுப் பெட்டியிலிருந்து பிய்த்துப் போட்ட அட்டையும் நூலும், தலை சீவி உதறிய முடியும், புளிச்சோற்றுக்கு வறுத்து ஊதிய நிலக்கடலைத் தொலியும் வீட்டுக்குள் கிடந்தன. கோகிலவாணி சீமாற்றைக் கையில் எடுத்துவிட்டு, மகள் போன் செய்யட்டும் என்று மறுபடி கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

அது சாய்த்த இடத்திலேயே இருந்தது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடி அது, ஒருபக்க ஜன்னலுக்கு நேரே கோழித் தீவன மில்லும் மறுபக்கம் லாரிகள் போகும் நெடுஞ்சாலையும் இருந்தன, மக்காச்சோளத் தூசி ஒருபக்கமாகவும் ரோட்டுத் தூசி மறுபக்கமாகவும் வந்து ஹாலின் நடுவில் கலந்து படிந்தன. முதல் வருடம் கால் தடம் தெரிந்தது. இரண்டாம் வருடம் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் வாசலுக்கும் மூன்று ஒற்றையடிப் பாதைகள் விழுந்தன. மூன்றாம் வருடம் பாதைகளுக்கு இருபுறமும் தூசி கரைகட்டி நின்றது, சோபாவின் கால்கள் புதைந்தன, நிலக்கடலைத் தொலியும் நூலும் எந்த இடத்தில் இருந்தன என்று கோகிலவாணிக்கு மட்டுமே தெரிந்தது. ஈரத்துணியால் துடைக்கலாமே என்று உறவில் ஒருவர் கேட்டபோது, கழுவித் துடைப்பதும் பிணம் எடுத்த வீட்டில்தானே என்று இன்னொருவர் சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. மாடிப்படி கூட்டும் பெண் முதல் மாடியோடு நிறுத்திக்கொண்டு போனாள். ஊரிலும் ஒரு பழக்கம் வந்தது: சேலத்துக்குத் துணி எடுக்கப் போனவர்கள்கூட இறங்கிய கணமே வீட்டுக்குப் போன் செய்து, "வந்துட்டேன், நீ கூட்டிக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குள் போனார்கள்.

செல்வராசுவின் தாயார் மட்டும், பேருந்து புறப்பட்ட எட்டாம் மாதம், பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யாமல் எப்படி என்று, மகன் கடைக்குப் போயிருந்த சமயத்தில் மூலைமுடுக்கெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஒன்பதாம் எண் இருக்கையிலிருந்து போன் வரவில்லை. "அந்த அக்கா இங்கதாம்மா இருக்காங்க, போனை மடியில வெச்சுப் பார்த்துட்டே இருக்காங்க, அவங்களுக்கு மட்டும் சிக்னலே வரமாட்டேங்குது" என்று தாரணி சொன்னாள். தாரணியின் போனில் பேசவைக்கலாமென்று பார்த்தார்கள். அந்தப் பெண் வாங்கிக் காதில் வைத்ததும் அந்தப் போனிலும் சத்தம் இல்லாமல் போயிற்று.

கோகிலவாணிக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் அர்த்தநாரி முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தவர், அவருடைய நெஞ்சில் பாதியை ஏற்கெனவே பெயிண்ட் வாங்கியிருந்தது, மீதிப் பாதிக்குள் இப்போது வீடு போய்க்கொண்டிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு தூசி வெளிய போகோணும், இல்லேன்னா இவர் போகோணும். ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா தீபாவளி வரைக்கும் தாங்காது" என்றார். அர்த்தநாரி பத்து நாள் பரமத்தியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய் இருந்தார். பதினோராம் நாள், நாலு மணி போன் கேட்காமல் சோறு இறங்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்.

தானாக ஓடும் மிஷின் ஒன்று இருக்கிறது என்று சொன்னவள் எதிர்வீட்டு மும்தாஜ். "கோகிலாக்கா, நீங்க கூட்டுனாத்தானே தப்பு. அது மனுசனே இல்லை. ஒரு தட்டு மாதிரி இருக்கும், தானா போகும், முட்டும், திரும்பும். அதுக்கு யார் ஊருக்குப் போனா என்ன, யார் வந்தா என்ன?"

கோகிலவாணி இதைச் சங்கத்தில் வைத்தாள். அன்றைய கூட்டத்தில் இது ஒன்றுதான் பேசப்பட்டது. கூட்டுவது என்றால் சீமாற்றால் கூட்டுவது, மிஷினுக்குச் சீமாறு ஏது என்று ஒருவர் எழுந்தார். விளம்பரத்தில் 'வீடு பெருக்கும்' என்றுதான் தமிழில் போட்டிருக்கிறது, நம் பக்கத்தில் கூட்டுவதைத்தானே கூடாது என்கிறோம், பெருக்குவது வேறு அல்லவா என்று இன்னொருவர் கேட்டார்.

"ஏனுங்க, கூட்டுனா ஆகாது, பெருக்குனா ஆகுமா? கணக்கு வாத்தியாருகிட்ட டியூசன் போனீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"அட, ரெண்டுல எதைச் செஞ்சாலும் கணக்குல அதிகமாகத்தானே ஆகுது? வீட்டுல மட்டும் ஏன் கொறையுது? அதைச் சொல்லுங்க பார்ப்போம்."

கூட்டத்தில் வெகுநாள் கழித்துச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும், பின்னிருக்கைக் கைக்குழந்தையின் பாட்டனார், "கூட்டறதுன்னா அது மட்டுமா, பள்ளிக்கூடத்துக்குப் போயி புள்ளையக் கூட்டிட்டு வர்றதும் கூட்டறதுதான்" என்றார். கடைசியில் செல்வராசு நோட்டில் தீர்மானம் எழுதினார்: சீமாறு, பிரஷ், நார், இழை ஏதும் இல்லாமல் காற்றால் மட்டும் உறிஞ்சுகிற இயந்திரம் கூட்டுவதாக ஆகாது, இருப்பினும் பின்விளைவுகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல.

அதனால்தான் கோகிலவாணி கடையில் அப்படிக் கேட்டாள். மேகலா அவளை ஒவ்வொரு தட்டாக அழைத்துப் போனாள். ஒரு மிஷின் வீட்டை வரைபடம் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போகும், அதற்கு மூன்று பிரஷ். இன்னொன்று உறிஞ்சிக்கொண்டே பின்னால் ஈரத்துணி போட்டுத் துடைக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததும் கோகிலவாணி தலையை ஆட்டிவிட்டாள். மூன்றாவது தானே போய்த் தன் வயிற்றைக் காலி செய்துகொண்டு வரும், அதன் பிரஷ்ஷைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள், கழற்றலாம், ஆனால் கழற்றினால் அது நகராமல் நின்று கத்தும் என்றாள் மேகலா. எல்லாவற்றுக்கும் கீழே, காட்சிக்கு வைத்துச் சாயம் போன ஒன்று இருந்தது. அதன் வயிற்றில் ஒரு வாய் மட்டும்தான்.

"நீள முடி சிக்கக் கூடாதுன்னு வாங்கற வீட்டுக்காக வந்ததுக்கா. யாரும் எடுக்கலை. மூலையெல்லாம் விட்டுரும். ஓரத்துல ஒட்டவே ஒட்டாது."

"விடட்டும்."

"ஆனா ஒண்ணு, இதுல டைம் வெச்சுக்கலாம். நீங்க பட்டனைக்கூட அமுத்த வேண்டியதில்லை, அது பாட்டுக்குக் கெளம்பி ஓடும்."

"டைம் வெக்கறது யாரு?"

மேகலா யோசித்தாள். "வேணும்னா நான் இப்பவே வெச்சுத் தர்றேன்க்கா. என் கையில இருக்கட்டும்."

"வேண்டாம் கண்ணு. உங்க வீட்டுலயும் ஊருக்குப் போறவங்க இருப்பாங்க" என்றாள் கோகிலவாணி.

மிஷின் அட்டைப்பெட்டியோடு வந்து கட்டிலில் ஏறியது. கோகிலவாணி பெட்டியைப் பிரிக்கவில்லை. அதன்மேல் முதல் நாள் லேசாகவும் ஐந்தாம் நாள் எழுத்து மறைகிற அளவுக்கும் தூசி படிந்தது. பகலில் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி பார்க்காததுபோல இருந்தார். ஒன்பதாம் நாள் அவர் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள பாதையில் பாதியில் உட்கார்ந்துவிட்டார், மும்தாஜும் கோகிலவாணியுமாகத் தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். அன்று நான்கு மணிக்குத் தாரணி பேசியபோது அவரால் இருமலை அடக்க முடியவில்லை.

"என்னம்மா, அப்பா இருமறது நிக்கவே மாட்டேங்குது?"

கோகிலவாணி போனை அவரிடம் கொடுத்தாள். "நான் நல்லாத்தான் இருக்கறேன் பாப்பா. எதுத்த வீட்டுல மொளகா வறுக்கறாங்க."

"நாலு வருசமாவாப்பா வறுக்கறாங்க?"

அவர் சிரிக்கப் போய் மறுபடி இருமினார். கோகிலவாணி போனை வாங்கிக்கொண்டு, "மிஷின் வாங்கியாச்சு கண்ணு. பிரஷ் இல்லாதது. உறிஞ்சறது மட்டுந்தான். சங்கத்துல ஆகும்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"பிரஷ் இல்லாம அது என்னத்தைம்மா எடுக்கும்?"

"நீ போய்ச் சேரோணுமில்ல."

மறுமுனையில் பேருந்து ஹாரன் அடித்தது.

"போட்டுப் பார்த்தியா?"

"நாளைக்கிப் போடறேன்."

"வாங்கி எத்தனை நாளாச்சு?"

கோகிலவாணி பெட்டியின் மேலிருந்த தூசியைப் பார்த்தாள். தாரணி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பக்கத்து இருக்கைகளில் யாரிடமோ அவள் ஏதோ சொல்லத் தொடங்கியதுபோல, வைப்பதற்கு முன் ஒரு நொடி கேட்டது.

மறுநாள் போன் நான்கு மணிக்கு வரவில்லை. காலையில் பதினொன்றரைக்கே வந்தது.

"அம்மா."

"என்ன சாமி, இந்நேரத்துல?"

"வந்துட்டேம்மா."

கோகிலவாணி போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். "எங்க?"

"பெங்களூருதான். எறங்கி, ஆட்டோ புடிச்சு, ரூமுக்கே வந்துட்டேன்."

குழந்தை அழுதது. நடத்துநரின் விசில் ஒருமுறை நீளமாகக் கேட்டது.

"ரூமு எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லா இருக்குது. சின்னதுதான். ஜன்னல் இருக்குதும்மா."

"ஜன்னலோரமாவா எடம்?"

"ஜன்னலோரந்தான். நல்லாக் காத்து வருது."

"என்ன தெரியுது ஜன்னல்ல?"

"மலை தெரியுது. ஒரு பெட்ரோல் பங்க். லாரிக வரிசையாப் போகுது."

"பெங்களூருல மலை இருக்குதா?"

"இந்தப் பக்கம் இருக்குதும்மா."

"இருக்கட்டும், இருக்கட்டும். கொழந்தை அழுகுதாட்ட இருக்குது."

"பக்கத்து ரூமுல."

"பசிக்கும். பால் குடுக்கச் சொல்லு."

"சொல்றேன்." பிறகு தாரணி வேகமாகப் பேசினாள். "அம்மா, இனிமே தெனமும் கூப்பிட முடியாது. வேலைக்குப் போகோணும். வழியில இருக்கறப்பத்தான் அடிக்கடி கூப்பிடறது. சேந்துட்டா அப்புறம் என்னம்மா, நிம்மதிதானே."

"ஆமா கண்ணு. சேந்துட்டா என்ன."

"வீட்டைக் கூட்டிரு."

"கூட்டிர்றேன்."

"அப்பாகிட்டக் குடு."

அர்த்தநாரி எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லபடியாப் போய்ச் சேந்துட்டியா பாப்பா?" என்றார்.

"சேந்துட்டேம்ப்பா."

"டிரைவரு நல்லா ஓட்டுனாரா?"

"நல்லா ஓட்டுனாருப்பா."

வண்டி மேட்டில் ஏறத் திணறி இரண்டாம் கியருக்கு இறங்கிய சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. "நல்ல டிரைவருதான்" என்றார். "ஒடம்பைப் பார்த்துக்க சாமி."

அந்த முற்பகலில் ஊரின் மற்ற வீடுகளிலும் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. கணவன் மனைவிக்கும், மகன் தாய்க்கும், தம்பி அண்ணனுக்கும் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள், ஒருவர் லாட்ஜில் இறங்கியதாகவும் ஒருவர் மாமா வீட்டில் குளித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள், எல்லோருக்கும் பின்னால் அதே குழந்தை அழுதது, கேட்டவர்கள் எல்லோரும் சந்தோஷம் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு வாரியக் குடியிருப்பில் இருந்தவர்கள் வந்து வாசலில் நின்று, "நல்லபடியா போய்ச் சேந்தாச்சாமே" என்று கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை போட்டாள். பேருந்து நிலையத்தில் ஏணி வைத்து ஏறி, 'வழியில்' என்று எழுதியிருந்ததை அழித்தார்கள்.

செல்வராசு போன் செய்தார். "தாரணி எறங்கிட்டாளாமுங்க?"

"ஆமாங்க."

"எல்லாரும் எறங்கிட்டாங்கன்னு சொல்றாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் சம்சாரத்தைப் பத்தி எதாச்சும் சொன்னாளுங்களா?"

மகள் அதைச் சொல்லவில்லை, கோகிலவாணி கேட்கவும் மறந்துவிட்டிருந்தாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் போனாங்களாமுங்க" என்றாள். "பொட்டியெல்லாம் பத்திரமா எறக்கிட்டாங்களாம். போன்தான் கெட்டுப்போச்சாமா. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்களாம்."

"அப்படீங்களா?"

"ஆமாங்க."

"சரிங்க. ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

இரண்டு மணிக்குள் மற்ற வீடுகளில் கூட்டத் தொடங்கியிருந்தார்கள். முதல் மாடியோடு நின்றிருந்த சீமாற்றுச் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்து, கோகிலவாணியின் வாசலுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து தன் சீமாற்றை எடுத்தாள். கட்டு இற்றுப்போயிருந்தது, கையில் எடுத்ததும் ஈர்க்குகள் நழுவி விழுந்தன. மும்தாஜ் தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். கோகிலவாணி அதை வாங்கிக்கொண்டு ஹாலின் நடுவில் குனிந்தபடி நின்றாள். தூசியின் மேல் சீமாற்றின் நுனி பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், கை நகரவில்லை. வெகுநேரம் கழித்து மும்தாஜ் அதை அவள் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் இருந்த பெட்டியைப் பிரித்தாள்.

மிஷினைத் தரையில் வைத்ததும் அது பாதி புதைந்தது. அர்த்தநாரியை எதிர்வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்தார். பட்டனை மும்தாஜ் அமுத்தப் போனபோது, கோகிலவாணி, "இரு, நானே" என்று சொல்லிக் கட்டைவிரலால் அமுத்தினாள். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வேலை தொடங்குவதாகச் சொன்னது. மிஷின் அடுப்படிப் பாதையை விட்டு விலகிக் கரையை முட்டியது, பின்வாங்கியது, கொஞ்சம் உள்வாங்கியது, மறுபடி முட்டியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வயிறு நிறைந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் மும்தாஜ் அதைத் தூக்கித் தீவனச் சாக்கில் தட்டிவிட்டு மறுபடி விட்டாள். முதலில் மக்காச்சோள மாவுபோல மஞ்சளாக வந்தது, அப்புறம் லாரிப் புகைபோலக் கறுப்பாக வந்தது, அடியில் போகப்போக வேறு நிறமாக வந்தது. நான்கு மணி ஆயிற்று. போன் மேஜைமேல் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஹாலின் சிவப்புச் சிமெண்டுத் தரை வட்டம் வட்டமாகத் தெரியத் தொடங்கியது. மிஷின் வழிதேடிக்கொண்டு அறைக்குள் நுழைந்து, கட்டிலை நோக்கி வந்தது. கோகிலவாணி கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, அது வருவதைப் பார்த்தாள். அவளுடைய முந்தானையின் நுனி கட்டிலிலிருந்து தரையில் தொங்கிக் கிடந்தது. அர்த்தநாரி குனிந்து அதை எடுத்து, தூசியை உதறாமல் அப்படியே சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.